மூச்சுக்கு முன்னூறு தரம்

தரநிலைத் தலைமையகத்தில் வேலை செய்கிறவர்கள் எந்தப் பொருளையும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். குடை என்றால் அது எந்த வகைக் குடை, எவ்வளவு மழைக்குத் தாங்கும், கைப்பிடி எந்த அளவுக்கு வளைந்திருக்கலாம் என்றெல்லாம் அங்கே கூடிப் பேசி முத்திரை குத்திய பிறகுதான் ஊரில் இருக்கிற ஜனங்கள் நனையாமல் நடக்க முடியும். ஆணி, வாளி, பல் தேய்க்கும் பிரஷ், நாய்ச் சங்கிலி எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு எண் உண்டு. அதன் இயக்குநர் மூச்சுக்கு முன்னூறு தரம் 'தரம், தரம்' என்பார். நுழைவாசல் சுவரில் ஆளுயர எழுத்தில் 'தரமே எங்கள் மூச்சு' என்று எழுதி வைத்ததும் அவர்தான்.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், ஊழியர்களின் குழந்தைகளைப் பகலில் வைத்துக்கொள்ளும் அறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் பெரியம்மா. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தங்கை மகள் அவளை முறைப்படி பெரியம்மா என்று கூப்பிட, அதைக் கேட்டு மற்ற குழந்தைகளும் கூப்பிட, குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. தலை முழுக்க நரைத்துப்போய், ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்த நிர்வாக அதிகாரிகூட அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்கு ஒழுகுகிற கூட்டத்தை மேய்க்கிறவளுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்?

அந்தத் தங்கை மகளை வாண்டு என்பார்கள். நாலு வயதில் நாற்பது வயதுப் பேச்சு. குளிர்காலம் ஆரம்பித்ததிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோனது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ பீப்பி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டில் இருக்கிற விடுமுறை நாளில் அந்தச் சத்தம் வராது. அலுவலக அறைக்குள் வந்து மதியச் சாப்பாடு முடிவதற்குள் பீப்பி ஆரம்பித்துவிடும். டாக்டர் குழந்தையின் முதுகில் காதை வைக்காத குறையாகக் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். "மருந்து நான் தர்றேன். ஆனா அந்தக் காத்த மாத்துங்க. இல்லேன்னா இடத்த மாத்துங்க."

இடத்தை மாற்றுவது என்றால் என்ன என்று தங்கைக்குத் தெரியும். அவள் மூன்றாவது மாடியில் தட்டச்சுப் பிரிவில் தற்காலிக ஊழியர். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தனியாளாகக் குழந்தையை வளர்க்கிறாள். வெயில் காலம் முடிந்ததும் அவளை நிரந்தரமாக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வராமல் இருந்தாலும் சீட்டுக் கிழிந்துவிடும்.

"அக்கா, நிரந்தரம் ஆகற வரைக்கும் எப்படியாவது இந்தக் காத்த மட்டும் சரி பண்ணிக் குடேன். அப்புறம் நான் பாத்துக்கறேன்," என்றாள்.

"காத்துதானேடி. பண்ணிடலாம்," என்றாள் பெரியம்மா.

பண்ணிவிடக்கூடியதாகத்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தில் குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிர்ச்சியும் தருகிற ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு அறையின் கூரைக்குள்ளும் ஒரு விசிறிப் பெட்டி. அது அறையின் காற்றை உள்ளே இழுத்து, சூடாக்கியோ குளிராக்கியோ ஒரு குழாய் வழியாகத் திரும்ப விடும். வெளிக்காற்று கலந்து வீணாகிவிடும் என்று ஜன்னல்களையெல்லாம் பசை வைத்து அடைத்திருந்தார்கள். ஆக, ஒரே காற்றைத்தான் எல்லாரும் சுற்றிச் சுற்றி மூச்சு விட வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிற ஏசிக்காரர் ஸ்டூல் மேல் ஏறி, பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடித் தூசி அவர் மீசை மேல் விழுந்தது.

"இது பில்டரே இல்லக்கா, கம்பளிப் போர்வை. கட்டடம் கட்டினப்ப போட்டது. அதுக்கப்புறம் யாரும் தொட்டதில்ல."

"புதுசு போட்டா சரியாயிடுமா?"

"ஜோராயிடும். ஒண்ணுலேருந்து பதினாறு வரைக்கும் நம்பர் இருக்கு. நம்பர் ஏற ஏற நெருக்கமா இருக்கும். தூசிய நல்லாப் பிடிக்கும், கூடவே காத்தையும் பிடிச்சு வச்சுக்கும். இந்த மோட்டாருக்கு எட்டாம் நம்பர்தான் சரி. முனையில இருக்கற கடையிலயே கிடைக்கும்."

"அப்ப போட்டுடுங்க."

"நானா? நான் காண்ட்ராக்ட் ஆளுக்கா. மேலேருந்து எழுத்து வராம இதுல ஒரு திருகாணிய மாத்தினாலும் என்னை மாத்திடுவாங்க."

எழுத்து வேண்டும், அவ்வளவுதானே என்று பெரியம்மா எழுதிக்கொடுத்தாள். 'குழந்தைகள் அறைக்கு ஒரு ஏசி பில்டர் வேண்டும்' என்று ஒரே வரி. ஒரே வரியில் இருந்ததால் அதில் ஏதோ மறைந்திருக்கிறது என்று நிர்வாக அதிகாரிக்குச் சந்தேகம் வந்து, அதை மொழி அலுவலருக்கு அனுப்பினார். தலைமையகத்தின் கடிதங்களில் பிறமொழிச் சொல் ஒன்று இருந்தால் மொழி அலுவலருக்கு அன்று சோறு இறங்காது. 'ஏசி பில்டர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'வடிகட்டி' என்று போட்டார். ஏசிக்கும் ஒரு சொல் போட்டிருக்கலாம். ஆனால் 'குளிர்பதனம்' என்பதா 'குளிரூட்டி' என்பதா என்று அவருக்கும் அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவருக்கும் பழைய தகராறு ஒன்று இருந்தது. அது தீரும் வரை அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்.

குளிர் ஏறக்குறைய முடிகிற சமயத்தில் பெரியம்மாவுக்கு மேலிருந்து ஆள் வந்தது. நிர்வாக அதிகாரியின் மேஜை மேல் முத்திரை வைத்த ஒரு பெட்டி. கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார்கள். திறந்தால் உள்ளே, சாட்சாத், டீ வடிகட்டி. நல்ல தரம். கைப்பிடியில் எண்கூட இருந்தது.

"சார், இது டீ வடிகட்டறது."

"வடிகட்டின்னு எழுதியிருக்கு. வடிகட்டி வந்திருக்கு. எத வடிகட்டணும்னு நீங்க எழுதலியே பெரியம்மா."

"நான் கேட்டது கூரையில மாட்டறது சார்."

"மாட்டிப் பாத்தீங்களா?"

பெரியம்மா வடிகட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாருங்க, மாட்டிப் பாக்காமலே குறை சொன்னா எப்படி? வேற எந்த ஆபீஸ்ல வேணும்னாலும் அப்படிச் சொல்லலாம். இங்க முதல்ல சோதனை, அப்புறம்தான் புகார். நாமளே இத மீறினா ஊர்ல நாய்ச் சங்கிலிய யாரு மதிப்பாங்க?"

சொன்னதோடு விடவில்லை. மறுநாள் அவரே இறங்கி வந்தார். கூரை மூடியில் டீ வடிகட்டியை நூலால் கட்டித் தொங்கவிடச் செய்து, அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். குழந்தைகள் அவர் தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தம் போடாமல் சுற்றி நின்றன. 'காற்று செல்கிறது. தேயிலைத் தூள் எதுவும் கசியவில்லை. பொருள் திருப்திகரமாக உள்ளது' என்று எழுதிவிட்டு எழுந்து போனார். வாண்டு அந்த நேரம் முழுக்க மூலையில் இருமிக்கொண்டிருந்தாள். அது சோதனையில் சேராது.

பெரியம்மாவுக்குப் பொறுமை அதிகம். இல்லாவிட்டால் அந்த வேலையில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் அன்று முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இவர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதைவிடத் தானே வாங்கிவிடுவது மேல் என்று, மாலையில் முனைக் கடைக்குப் போய், அளவு சொல்லி, எட்டாம் நம்பரில் ஒன்று வாங்கிவிட்டாள். வெள்ளைவெளேரென்று மடிப்பு மடிப்பாக, அட்டைச் சட்டத்துக்குள் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி மூச்சு திரும்பி வந்தது.

மறுநாள் காலை வாசலில் காவலாளி கையை நீட்டினார். அவர் மகளும் பெரியம்மா கையில் வளர்ந்தவள்தான். அதனால் குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"பெரியம்மா, உங்கள எனக்குத் தெரியாதா? ஆனா இதுல முத்திரை இல்லையே. முத்திரை இல்லாத சாமான் உள்ள போகக் கூடாது."

"காத்து வடிகட்டிக்கு இன்னும் நீங்க யாரும் தரமே போடலியேப்பா. முத்திரைக்கு நான் எங்க போவேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன். தரம் போடலேன்னா அது இல்லாத பொருள். இல்லாத பொருள நான் எப்படி உள்ள விட முடியும்?"

"அப்ப கூரையில இப்ப இருக்கறது?"

"அது கட்டடத்தோட வந்தது. கட்டடத்துக்கு முத்திரை இருக்கு."

இல்லாத பொருளை அவர் பத்திரமாக வாங்கித் தன் கூண்டுக்குள் வைத்துக்கொண்டார். பெரியம்மா நேராக மாடி ஏறி நிர்வாக அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டக்கூட இல்லை. "சார், காத்து வடிகட்டிக்கு ஒரு தரத்தப் போட்டுத் தொலைங்க சார்," என்றாள்.

அவள் சொன்னது எரிச்சலில். ஆனால் அந்தக் கட்டடத்தில் யாரும் ரொம்ப நாளாக ஒரு புதுப் பொருளுக்குத் தரம் கேட்டு வந்ததில்லை. நிர்வாக அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவர் துணை இயக்குநரிடம் ஓட, துணை இயக்குநர் இயக்குநரிடம் ஓட, இயக்குநருக்கு உச்சி குளிர்ந்தது. காற்று வடிகட்டித் தேர்வுக் குழு பிறந்தது.

குழு கூடியபோது வெயில் காலம் வந்துவிட்டது. நீள மேஜையின் தலைமாட்டில் இயக்குநர், பக்கத்தில் துணை இயக்குநர், அப்புறம் நிர்வாக அதிகாரி, மொழி அலுவலர். வல்லுநர் என்ற முறையில் ஏசிக்காரரைச் சட்டைப் பொத்தானெல்லாம் போட வைத்து ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பெரியம்மாவை அழைத்திருந்தார்கள், ஆனால் நாற்காலி போடவில்லை. அவள் கதவோரம் நின்றாள். கீழே வாண்டைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். காது பாதி கீழேயே இருந்தது.

இயக்குநர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, காற்று கண்ணுக்குத் தெரியாதது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எப்படித் தரம் போடுவது என்று வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். நமக்கு அது புதிதல்ல. நாம் செய்கிற வேலையையே இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு வாளி ஒழுகுகிறது என்றால், அது நம்முடைய ஒப்புதலோடுதான் ஒழுகுகிறது. இனிமேல் மூச்சும் அப்படித்தான் இருக்க வேண்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஏசிக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று தட்டினார்.

துணை இயக்குநர் ஒரு கண்டுபிடிப்போடு வந்திருந்தார். "சார், வடிகட்டியில ஒண்ணுலேருந்து பதினாறு வரை நம்பர் இருக்கு. நம்ம தலைமையகத்துலயும் ஒண்ணுலேருந்து பதினாறு வரை பதவி நிலை இருக்கு. இது தற்செயல்னு நான் நினைக்கல."

அறையில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. இவ்வளவு நாள் இது யார் கண்ணிலும் படவில்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ பதினாறு..." என்று இழுத்தார் இயக்குநர்.

"உங்களுக்குத்தான் சார். பதினஞ்சு எனக்கு."

இயக்குநர் ஏசிக்காரர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, பதினாறு நல்லதுதானே?"

"நல்லதுதான் சார். ஆனா மோட்டாரு..."

"நல்லதா இல்லையா?"

"நல்லதுதான் சார்," என்றார் ஏசிக்காரர். பாதியில் விட்ட மோட்டார் பேச்சு அவர் வாயிலிருந்து திரும்ப எழவே இல்லை. பெரியம்மா அவரையே பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஒவ்வொரு அறைக்கும் அதில் உட்காருகிறவரின் பதவி நிலை எதுவோ அதே நம்பர் வடிகட்டி. இயக்குநர் காலியாகக் கிடந்த ஆய்வுப் பிரிவுத் தலைவர் பதவியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் அறைக்கு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. வடிகட்டிச் சட்டத்தின் விளிம்பில் காற்று போகும் திசையைக் காட்டுகிற அம்புக்குறி உயர் அதிகாரிகளை நோக்கி நீளக் கூடாது என்பது மொழி அலுவலரின் திருத்தம். அதையும் ஏகமனதாக ஏற்றார்கள்.

கடைசியில்தான் குழந்தைகள் அறை வந்தது.

"குழந்தைங்களுக்கு என்ன பதவி?" என்று கேட்டார் நிர்வாக அதிகாரி. யாருக்கும் பதில் தெரியவில்லை. அம்மாவின் பதவியைக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். அப்பா பெரிய பதவியில் இருந்தால் குழந்தைக்கு நஷ்டம் இல்லையா என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்ற பேச்சு வந்ததும் துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பேரனும் அந்த அறையில்தான் இருந்தான். ஓட்டுநர் மகனோடு கூட்டிச் சராசரி எடுத்தால் பேரன் எங்கே போய் நிற்பான் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சராசரி வேண்டாம் என்று விட்டார்கள்.

பெரியம்மாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "சார், எட்டு போட்டாப் போதும் சார். அதுக்கு மேல வேணாம், கீழயும் வேணாம். ஒரு குழந்தைக்கு மூச்சு இழுக்குது சார்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாக அதிகாரிதான் இதமாக எடுத்துச் சொன்னார். "பெரியம்மா, எட்டுன்னா கண்காணிப்பாளர் நிலை. பதினஞ்சு வருஷம் முதுகொடிய உழைச்சாத்தான் அங்க வர முடியும். நான் வந்ததே அப்படித்தான். நாலு வயசுல எட்டு கேட்டா, உழைச்சவங்க மனசு என்ன பாடுபடும்?"

"ஆசை இருக்கலாம். அவசரம் கூடாது," என்றார் இயக்குநர்.

குழந்தைகள் இன்னும் எந்தப் பதவியிலும் அமர்த்தப்படாதவர்கள் என்பதால் அவர்களுக்குப் பூஜ்ய நிலை வழங்கப்பட்டது. ஏசிக்காரர் வந்து பழைய கம்பளியைக் கழற்றி எடுத்துவிட்டு, பூஜ்யத் தர வடிகட்டியைப் பொருத்தினார். அழகான சட்டம், நாலு மூலையிலும் முத்திரை, நடுவில் ஒன்றுமில்லை. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேற்பார்வை பார்க்க வந்த நிர்வாக அதிகாரி, "இப்பவாவது நீங்க பட்டியல்ல இருக்கீங்க பெரியம்மா. முன்னாடி அதுகூட இல்ல," என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வடிகட்டின முட்டாள்கள் என்று பெரியம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, இவர்களை யாரும் வடிகட்டவே இல்லையே, அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறார்களே என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

இயக்குநர் அறையில் இரண்டு பதினாறுகளையும் மாட்டிய அன்றே விசிறிப் பெட்டி முனக ஆரம்பித்தது. மறுநாள் முனகலும் நின்றது. வெளியே வெயில் கொளுத்துகிறது, ஜன்னல் பசை வைத்து அடைத்திருக்கிறது, கூரையிலிருந்து ஒரு பொட்டுக் காற்று இறங்கவில்லை. இயக்குநரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் போடும்போது மை கலங்கியது. உள்ளே வருகிறவர்களெல்லாம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன அருமையான காத்து சார்!" என்றார்கள். துணை இயக்குநர் ஒரு படி மேலே போனார். "எவ்வளவு சுத்தம்னா சார், இருக்கறதே தெரியல."

ஏசிக்காரர் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், எட்டு போட்டா..." என்று ஆரம்பித்தார்.

"என்னைக் கண்காணிப்பாளர் ஆக்கப் பாக்கறியா?" என்றார் இயக்குநர்.

அன்றிலிருந்து அவர் சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற அறைகளுக்கு ஆய்வுக்குப் போக ஆரம்பித்தார். கடைநிலை ஊழியர்கள் உட்காரும் பழைய கோப்பறையில் மூன்றாம் நம்பர். காற்று பிய்த்துக்கொண்டு போகும். அந்த அறையை அவர் தினமும் ஆய்வு செய்தார். சில நாள் ஆய்வு செய்துகொண்டிருக்கும்போதே குறட்டை வரும். ஊழியர்கள் வேறு இடம் தேடி வராந்தாவில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

கீழே நிலைமை வேறு. கம்பளிப் போர்வையாக இருந்தாலும் அது ஏதோ கொஞ்சம் தூசியைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது நடுவில் ஒன்றுமில்லாத சட்டத்தின் வழியாக, கட்டடம் கட்டிய நாளிலிருந்து குழாய்க்குள் சேர்ந்திருந்தது எல்லாம் தாராளமாகக் கொட்டியது. காலையில் துடைத்த மேஜை மேல் மதியம் விரலால் படம் போடலாம். குழந்தைகள் போட்டன. முதலில் துணை இயக்குநரின் பேரன் வருவது நின்றது. அவனுக்கு வீட்டில் ஆள் வைத்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக நின்றது. வேறு வழியில்லாதவர்களின் குழந்தைகள் மட்டும் இருமிக்கொண்டு வந்தன.

பெரியம்மா ஈரத்துணியைக் கட்டித் தொங்கவிட்டாள். கூரை மூடியைப் பழைய புடவையால் மறைத்தாள். அனுமதியில்லாத வடிகட்டி என்று அதை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி அவள் கால் வீங்கியது. யாரைப் பார்த்தாலும் அவர் இன்னொருவரைக் கைகாட்டினார். அந்த இன்னொருவர் ஆய்வில் இருந்தார்.

ஒரு மதியம் வாண்டு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து பெரியம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் கேட்கிற அந்தப் பீப்பிச் சத்தம் அன்று கேட்கவில்லை. காற்று உள்ளே போனால்தானே சத்தம் வரும்? கழுத்தடியில் தோல் குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. "பெரிம்மா," என்று வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

பெரியம்மா அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆளுயர எழுத்துகளைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி, தெருவில் வந்த முதல் வண்டியைக் கையால் அறைந்து நிறுத்தி ஏறினாள். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகையைச் செலுத்தினார்கள். தங்கை செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து சேர்ந்தாள். சாயங்காலம் வாண்டு கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டபோது பெரியம்மா டம்ளரை அவள் வாயில் வைத்தாள். இந்த ஒரு குழந்தைக்கு மூச்சு விட ஒரு துண்டு வெள்ளை மடிப்புத் துணி வாங்கித்தரத் தன்னால் முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

"போதும்க்கா," என்றாள் தங்கை. "நான் எழுதிக் குடுத்துடறேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தானேடி நிரந்தரத்துக்கு..."

"எனக்கு நிரந்தரமா அவ வேணும்."

மறுநாள் தங்கை ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள். அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று மொழி அலுவலர் பாராட்டினார். அது ஒன்றுதான் அந்தக் கட்டடத்தில் அன்றைக்கே முடிந்த காரியம். அந்த வாரத்துக்குள் மிச்சமிருந்த குழந்தைகளையும் பெற்றவர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியம்மா குட்டி நாற்காலிகளைத் துடைத்துச் சுவரோரம் அடுக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கதவு திறந்தது. நிர்வாக அதிகாரி, பின்னால் துணை இயக்குநர், அவருக்குப் பின்னால் ஸ்டூலோடு ஏசிக்காரர்.

"பெரியம்மா, வாழ்த்துகள்! உங்களுக்குப் பதவி உயர்வு," என்று உத்தரவை நீட்டினார் நிர்வாக அதிகாரி. "இன்னிலேருந்து நீங்க எட்டாம் நிலை."

பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. துணை இயக்குநர் விளக்கினார். விளக்குவதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது. "இயக்குநருக்கு உடம்பு முடியல. டாக்டர் நல்ல காத்து இருக்கற எடமா உக்காரச் சொல்லியிருக்கார். அவர் அறையில நம்பரக் குறைச்சா அது பதவி இறக்கம். கோப்பறையில உக்காந்தா ஊர் சிரிக்கும். அப்பத்தான் எனக்குத் தோணிச்சு. அறையோட நம்பர் அறையில இருக்கறவங்களப் பொறுத்தது. குழந்தைங்க போயிட்டதால இப்ப இந்த அறையில இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்கள எட்டாக்கிட்டா அறை எட்டாயிடும். சார் இங்க வந்து சும்மா உக்காந்துக்கலாம். யாருக்கும் ஒரு குறைவும் இல்ல."

"பதினஞ்சு வருஷம் ஆகும்னீங்க," என்றாள் பெரியம்மா நிர்வாக அதிகாரியைப் பார்த்து.

"அது உழைச்சு வர்றவங்களுக்கு," என்றார் அவர்.

அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஏசிக்காரர் பூஜ்யத்தைக் கழற்றிவிட்டு எட்டை மாட்டிவிட்டார். குழாயையும் உறிஞ்சு இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்தார்கள். மேஜையைத் துடைத்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூரையிலிருந்து மெல்லிசாக, குளிர்ச்சியாக, தூசியின் வாடையே இல்லாமல் காற்று இறங்கியது. பெரியம்மா அதன் கீழே நின்றாள். வருஷம் பூராவும் அவள் நெஞ்சு இப்படி விரிந்ததில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இயக்குநரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பெரிய நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையாததால் அவர் ஒரு குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்தன. மற்றவர்கள் மரியாதையாக வெளியே போனார்கள். அவர் கண்ணை மூடி, மூக்கு விடைக்க, வயிறு மேலெழும்ப, காற்றை உள்ளே இழுத்தார். இழுத்து நிறுத்தி மெதுவாக விட்டார். மறுபடியும் இழுத்தார்.

"ஆகா," என்றார். "ஆகா. என்ன காத்து! பெரியம்மா, இத நீங்க ஏன் முன்னாடியே கேக்கல?"

பெரியம்மா பதவி உயர்வு உத்தரவை மேஜை மேல் வைத்தாள்.

"நான் கேட்டேன் சார். உங்களுக்குத்தான் கேக்கல."

"ம்ம்?" என்றார் இயக்குநர், கண்ணைத் திறக்காமல்.

திரும்ப ஒரு தரம் சொல்ல அவளுக்கு மனசில்லை. பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினாள்.